மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு சத்தம் வருதுங்க

எங்க வீட்டு ஸ்கூட்டருக்கு வயசு 12. கியர் இல்லாத வண்டி, 110 சிசி, பழைய கார்ப்ரேட்டர் மாடல் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்தான் கார்ப்ரேட்டர்). ஓட்றது பூரா என் வீட்டம்மா, ரிப்பேர் பாக்குறது நான். ரிப்பேர்னு சொன்னதும் பெரிய மெக்கானிக்னு நினைச்சுக்காதீங்க, லீவு நாள்ல அழுக்கு சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்பானரை எல்லாம் தரையில பரப்பி வச்சு உக்காந்துக்குவேன், அதுல பாதி நேரம் கழட்டுன போல்ட் எங்க உருண்டு போச்சுன்னு தேடுறதுலயே போயிடும். இருந்தாலும் ஏழெட்டு வருஷமா ஆயில் மாத்துறது, பிளக் மாத்துறது, பிரேக் டைட் வைக்கிறது எல்லாம் வீட்லதான். அதனால எனக்கு ஒரு மெதப்பு இருந்துச்சு. அந்த மெதப்பு எப்படி எறங்குச்சுங்கிறதைத்தான் சொல்லப்போறேன்.

பிரச்சனை இதான். காலைல ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆகும். நாலஞ்சு கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லாம ஓடும். அப்புறம் யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி இழுவை கம்மியாகும், ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் அமுங்கி அப்படியே நின்னுடும். ஓரமா நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். வீட்டுக்கு வந்து நான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா அமைதியா ஓடிக்கிட்டு இருக்கும், நான்தான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களான்னு அவ கோவிச்சுக்குவா.

நான் உடனே முடிவு பண்ணிட்டேன், வண்டி சூடானா நிக்குது, அவ்ளோதான்னு. இங்கதான் முதல் தப்பு, அது அப்ப தெரியல. சூடானா நிக்குதுன்னு ஒரு தடவை மனசுல பதிஞ்சுட்டா அப்புறம் தேடுறது எல்லாம் சூடு சம்பந்தப்பட்டதாவேதான் இருக்கும். பொறி விடுற பிளக், அதுக்கு கரண்ட் குடுக்குற இக்னிஷன் காயில், வால்வுக்கு மேல விடுற சின்ன இடைவெளியான வால்வு கேப், இந்த மூணுதான் என் லிஸ்ட். அதுல தப்பு சொல்ல முடியாது, காயில் உள்ள சுத்துன கம்பியில எங்கயாவது விரிசல் இருந்தா சூட்டுல விட்டுப்போய் ஸ்பார்க் நிக்கும், ஆறினா மறுபடி சேந்துக்கும். எக்ஸாஸ்ட் வால்வு கேப் ரொம்ப டைட்டா இருந்தா சூட்டுல வால்வு முழுசா மூடாம கம்ப்ரெஷன் போயிடும். ரெண்டும் உண்மையிலேயே நடக்குற கோளாறுதான். என் வண்டிக்கு வந்த கோளாறுதான் அது இல்ல.

பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பிளக்கோட மூக்கு ஒரு ரிப்போர்ட் கார்டு மாதிரி. காஞ்ச மண்ணு கலர்ல, லேசா செங்கல் நிறத்துல இருந்தா இன்ஜின் நல்லா எரிக்குதுன்னு அர்த்தம். கரி மாதிரி காஞ்ச கருப்பா இருந்தா பெட்ரோல் கூட போகுது, இல்ல ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. பிசுபிசுன்னு எண்ணெய்க் கருப்பா இருந்தா ஆயில் மேல ஏறுது, அது கொஞ்சம் செலவு வைக்கிற சமாச்சாரம். வெள்ளை வெளேர்னு இருந்தா காத்து கூடி பெட்ரோல் கம்மியா போகுது. என்னோடது வெள்ளைப் பக்கமா சாஞ்ச வெளிர் நிறத்துல இருந்துச்சு. பெட்ரோல் பத்தலைன்னு அது எனக்கு எழுதியே குடுத்திருக்கு, நான் பழைய பிளக்தானேன்னு தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டினேன். கேப் 0.8 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) வச்சு சரி பாத்து, கையாலயே மரையில ஏத்தி, கடைசில மட்டும் ஸ்பானரால அரை சுத்து. இந்த அரை சுத்து புது வாஷர் நசுங்கி உக்காரதுக்காக. கழட்டின பிளக்கையே திரும்ப மாட்டுறதா இருந்தா அவ்ளோ வேண்டாம், கொஞ்சமா ஒரு சிட்டிகை போதும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஆரம்பத்துலயே ஸ்பானரைப் போட்டு கோணலா ஏத்துனா மரை போயிடும், அப்புறம் ஹெட்டையே கழட்டணும்.

மறுநாள் காலைல வண்டி கிளம்புச்சு. அஞ்சாவது கிலோமீட்டர்ல நின்னுச்சு.

சரின்னு வால்வு கேப் பாத்தேன், இன்ஜின் நல்லா ஆறின பிறகு, மேக்னட்டோ (இன்ஜினோட சுத்தி கரண்ட் தயாரிக்கிற சக்கரம்) பக்கம் T மார்க்கை கம்ப்ரெஷன் டாப்புக்கு, அதாவது ரெண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில நிக்கிற இடத்துக்கு வச்சு, ரெண்டு வால்வும் அளவுக்குள்ளதான் இருந்துச்சு. அடுத்தது காயில். கைவசம் இன்னொண்ணு இல்ல, வாங்கி மாட்டினேன். அதுவும் வீண். அந்த வாரக் கடைசில கார்ப்ரேட்டரைக் கழட்டுனேன், அங்கதான் என் கதை நாறிப்போச்சு.

கார்ப்ரேட்டரைக் கழட்டுறது பெரிய வித்தை இல்ல. கீழ இருக்குற கிண்ணத்தைக் கழட்டினா ஃப்ளோட் தெரியும், அதுக்கு மேல ஒரு சின்ன ஊசி, பெட்ரோல் அளவு ஏறுனதும் அந்த ஊசி போய் வழியை அடைச்சுக்கும், நம்ம தண்ணித் தொட்டியில மிதவை இருக்குமே அதே டெக்னிக். நடுவுல மெயின் ஜெட், பக்கத்துல ஸ்லோ ஜெட், ரெண்டும் பெட்ரோல் போறதுக்கு சின்ன ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு. ஐட்லிங் நிக்கலைன்னா, ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி ஆஃப் ஆகுதுன்னா பத்துக்கு எட்டு தடவை அந்த ஸ்லோ ஜெட்தான், ஏன்னா அதோட ஓட்டை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, மாசக்கணக்கா நின்ன வண்டியில பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி ஆகி அதை அடைச்சிரும். குத்தி எடுக்குறேன்னு கம்பியை விடாதீங்க, பித்தளை ரொம்ப மிருதுவான உலோகம், ஓட்டை பெருசாயிடுச்சுன்னா அந்த ஜெட் அவ்ளோதான். கார்ப்ரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஊற வச்சு காத்து அடிச்சா போதும், வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா அந்தப் பக்கம் ஒரு புள்ளியா வெளிச்சம் தெரியணும்.

இதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். ஆனா ஏர் ஸ்க்ரூவைக் (ஐட்லிங்ல காத்து எவ்ளோ கலக்கணும்னு வைக்கிற திருகு) கழட்டுறதுக்கு முன்னாடி எத்தனை சுத்துல இருந்துச்சுன்னு எண்ணலை. அதை முதல்ல மெதுவா உள்பக்கமா திருப்பி உக்காருற வரைக்கும் எத்தனை சுத்துன்னு எண்ணி ஒரு பேப்பர்ல எழுதிக்கணும், அப்புறம்தான் வெளிய எடுக்கணும், திரும்ப மாட்டும்போது அதே அளவு. நான் எண்ணாம கழட்டிட்டு மாட்டும்போது ஒரு குத்துமதிப்பா வச்சேன். அது போதாதுன்னு கிண்ணத்தோட ரப்பர் ரிங் பெட்ரோல்ல ஊறி உப்பி பள்ளத்துல உக்கார மாட்டேங்குது, அதை அமுக்கி அமுக்கி மாட்டினதுல எங்கயோ ஒரு துளி அழுக்கு ஊசிக்குள்ள போயிடுச்சு போல, ஓவர் ஃப்ளோ பைப் வழியா பெட்ரோல் சொட்டுச் சொட்டா தரையில. ஐட்லிங் ஏறி இறங்குது. ஒரு கோளாறோட உள்ள போனவன் மூணு கோளாறோட வெளிய வந்தேன். வண்டி மட்டும் அதே அஞ்சாவது கிலோமீட்டர்ல மரியாதையா நின்னுச்சு.

இந்த நேரத்துல இன்னொரு குழப்பம். டேங்க் ஃபுல் பண்ணின அன்னிக்கு வண்டி இன்னும் சீக்கிரமா நின்னுச்சு, ரெண்டு கிலோமீட்டர் கூடத் தாண்டல. எனக்கு சந்தேகமே இல்ல, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து ஒரு ராத்திரி வச்சுப் பாத்தேன், தண்ணி இருந்தா பெட்ரோலை விட கனம் அதிகம், அடியில தனியா கோடு கட்டி நிக்கும். ஒரு கோடும் இல்ல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தரையில உக்காந்து தலையில கை வச்சுக்கிட்டு இருக்கேன், வீட்டம்மா வந்து நின்னா.

"ஏங்க, அன்னிக்கே சொன்னேனே, கவனிச்சீங்களா?"

"என்ன சொன்ன?"

"பெட்ரோல் போடுறப்ப மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு சத்தம் வருதுங்க. முன்னெல்லாம் அப்படி வராது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கா, நான் காயில் டிஜிட்டல் மீட்டர்ல எவ்ளோ ரெசிஸ்டன்ஸ் காட்டுதுன்னு பாத்துக்கிட்டு ம்ம்ம்னு சொல்லியிருக்கேன்.

டேங்க் மூடியில ஒரு சின்ன காத்து ஓட்டை இருக்கும். இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கக் குடிக்க டேங்க்ல காலியாகுற இடத்துக்கு அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள வரணும். அது அடைச்சுக்கிச்சுன்னா உள்ள வெற்றிடம் மாதிரி ஒரு இழுப்பு உண்டாகி பெட்ரோல் கீழ இறங்காது, தண்ணி பாட்டிலைத் தலைகீழா கவுத்தா குபுக் குபுக்னு தயங்கித் தயங்கி ஊத்துமே அந்த மாதிரி. கார்ப்ரேட்டர் கிண்ணத்துல இருக்குறது தீர்ற வரைக்கும் வண்டி ஓடும், தீந்ததும் நிக்கும். பத்து நிமிஷத்துல எங்கயோ ஒரு இடுக்குல காத்து கசிஞ்சு உள்ள போய் சமமாயிடும், வண்டி மறுபடி கிளம்பும். ஃபுல் டேங்க்ல ஏன் சீக்கிரம் நின்னுச்சுன்னும் அப்பதான் புரிஞ்சுது. டேங்க் நிறைஞ்சிருந்தா உள்ள காத்துக்கு இடமே ஒரு கை அளவுதான், கொஞ்சம் பெட்ரோல் போனாலே அந்தக் காத்து ரொம்ப விரிய வேண்டியிருக்கும், இழுப்பு சட்டுனு ஏறிடும். பாதி டேங்க்ல காத்து நிறைய, அதனால கொஞ்ச தூரம் தாங்கும். வீட்டுல நிறுத்தி வச்சு ஓட்டினா ஏன் நிக்கலைங்கிறதும் இதேதான், ஐட்லிங்ல குடிக்கிற பெட்ரோல் ரொம்பக் கம்மி, கசியுற காத்தே அதுக்குப் போதும். ஆக வண்டி சூடானா நிக்கல, ஓடுனா நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ரெண்டு வாரமும் ஒரு காயிலும் போச்சு.

மூடியைக் கழட்டி உள்பக்கம் பாத்தேன், ரப்பர் வாஷருக்கு அடியில தூசியும் பாலீஷ் போடுற மெழுகும் சேந்து பசை மாதிரி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. வண்டி கழுவி பாலீஷ் போட்டது யாருன்னு கேக்காதீங்க. சோப்புத் தண்ணியில ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, வாயை வச்சு ஊதாம சைக்கிள் பம்ப்பால காத்து அடிச்சேன், அவ்ளோதான். வேலை முடிய 15 நிமிஷம் ஆகல.

இதுல எனக்கு இன்னும் எரிச்சலா இருக்குற விஷயம், ரோட்டுலயே கண்டுபிடிச்சிருக்கலாம். வண்டி நின்ன உடனே மூடியை ஒரு தடவை திறந்து மூடிட்டு ஸ்டார்ட் பண்ணி, உடனே கிளம்புச்சுன்னா மூடிதான். அதுவும் சந்தேகமா இருந்தா கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும், நின்ன இடத்துலயே அதை லேசா லூஸ் பண்ணணும், இன்ஜின் சூடா இருக்கும், அதனால ஒரு சின்ன பாட்டில்ல புடிச்சுக்கணும், சைலன்சர் மேல சிந்தக்கூடாது. பெட்ரோல் தாராளமா வந்தா ஸ்பார்க் பக்கம் தேடலாம், வரலைன்னா டேங்க்ல இருந்து கிண்ணம் வரைக்கும் உள்ள பாதையை மட்டும் தேடினா போதும். பாதி வண்டியை ரெண்டு நிமிஷத்துல லிஸ்ட்ல இருந்து தூக்கிடலாம். நான் இதைச் செய்யாம ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கிட்டு இருந்தேன், அதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல, சீட்டுக் குலுக்கல்.

அந்த சம்பவத்துக்குப் பிறகு என் வேலை முறையே மாறிப்போச்சு. இப்ப வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு வந்தா எந்த ஸ்பானரையும் தொடுறது இல்ல. முதல்ல பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்தே பாக்குறது, மீட்டர் முள்ளை நம்புறது இல்ல. அடுத்து பிரேக் லீவரைப் புடிச்சுக்கிட்டுதான் செல்ஃப் அமுக்குறோமான்னு, ஏன்னா நிறைய ஸ்கூட்டர்ல பிரேக் புடிக்காம செல்ஃப் எடுக்காது, அந்த பிரேக் சுவிட்ச் கெட்டுப்போனாலும் செல்ஃப் எடுக்காது. இதை சிம்பிளா கண்டுபிடிக்கலாம், பிரேக் புடிச்சா பின்னாடி சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க, எரியலைன்னா ஒண்ணு பல்பு, இல்ல அந்த சுவிட்ச். ஒரு பக்க லீவருக்கு எரிஞ்சு இன்னொண்ணுக்கு எரியலைன்னா பல்பு இல்ல, சுவிட்ச்தான். சைடு ஸ்டாண்ட் சென்சார் இருக்குற வண்டின்னா ஸ்டாண்ட் முழுசா மேல போயிருக்கான்னும் பாக்கணும், அந்த ஸ்பிரிங்ல சேறு காஞ்சு புடிச்சா முழுசா ஏறாது.

செல்ஃப் அமுக்கும்போது வர்ற சத்தமே பாதி சொல்லிடும். டக்குனு ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்து இன்ஜின் சுத்தலைன்னா செல்ஃபுக்கு கரண்ட் விடுற ரிலே வேலை செய்யுது, பெரும்பாலும் பேட்டரியில தெம்பு இல்ல, இல்ல டெர்மினல் லூசு. டடடடன்னு படபடத்தா பெரும்பாலும் பேட்டரிதான். ஒண்ணுமே சத்தம் வரலைன்னா ஃபியூஸ், சுவிட்ச் பக்கம் போகணும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வச்சிருந்தா குழப்பமே இல்லை, வண்டி ராத்திரி பூரா நின்ன பிறகு பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டினா நல்லா இருக்கு, 12.2 பக்கம்னா பாதிதான் இருக்கு, 12க்கு கீழ வந்துட்டா கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அமுக்குறப்ப மீட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கணும், அந்த நேரத்துல 9, 8ன்னு விழுந்தா, நிக்கும்போது 12.6 காட்டுனாலும் அது கிழட்டு பேட்டரிதான். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் பண்ணி அளந்தா 13.5ல இருந்து 14.5 வரைக்கும் வரணும். 12.5லயே நின்னா சார்ஜ் ஏறல, புது பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்துல அதுவும் படுத்துடும், நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க, பேட்டரி மட்டமான பேட்டரின்னு திட்டுறாங்க. 15ஐத் தாண்டினா வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, பல்பு எல்லாம் வரிசையா ஃபியூஸ் ஆகும்.

பேட்டரியைக் கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பாசிட்டிவ்வை முதல்ல கழட்டும்போது ஸ்பானர் வண்டி பாடியில பட்டுச்சுன்னா பொறி பறக்கும், ஒரு தடவை எனக்கு ஸ்பானர் நுனியே கருகிப்போச்சு. சார்ஜர்ல போடுறதா இருந்தா மெதுவா போடணும், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், அதாவது பத்துல ஒரு பங்கு. கார் சார்ஜரை மாட்டி விட்டா சின்ன பேட்டரி கொதிச்சு உப்பிடும். பல கார்ப்ரேட்டர் வண்டியில பேட்டரி சுத்தமா செத்தாலும் கிக்கர்ல ஸ்டார்ட் ஆகும், ஸ்பார்க்குக்கான கரண்ட்டை மேக்னட்டோவே குடுத்துடும். ஃபியூல் இன்ஜெக்ஷன் (கார்ப்ரேட்டருக்குப் பதிலா பம்ப் வச்சு பெட்ரோலைப் பீச்சுற) வண்டியில அந்த வசதியை நம்பக்கூடாது, அதுல பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் வேணும். சாவியைப் போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் ங்ங்ங்னு ஒரு சத்தம் கேக்கும், அது கேக்கலைன்னா முதல்ல பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்க.

ஆயில் மாத்துறதைப் பத்தி எழுதுறப்ப கொஞ்சம் வெக்கமா இருக்கு. ஆயில் வடிக்கிற போல்ட்டை டைட் பண்ணும்போது லீக் ஆகிடக்கூடாதேன்னு நீள ஸ்பானரைப் போட்டு முழு பலத்தையும் குடுத்து முறுக்கினேன். முதல்ல கெட்டியா நின்னுச்சு, அப்புறம் திடீர்னு வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி சுலபமா சுத்துச்சு. அந்த ஒரு செகண்ட் இருக்கே, வயித்துல ஒரு பள்ளம் விழும் பாருங்க. போல்ட்டை வெளிய எடுத்தா மரையோட சுருளா அலுமினியம் ஒட்டிக்கிட்டு வருது. லேத்துல குடுத்து உள்ள இன்னொரு மரை சொருகித்தான் காப்பாத்துனேன். இப்ப கையால மரையில ஏத்தி, புது வாஷர் போட்டு, சின்ன ஸ்பானரோட கழுத்துப் பக்கமா பிடிச்சு டைட் வைக்கிறேன், கை நீளமா பிடிக்கவே மாட்டேன். டார்க் ரென்ச் (எவ்ளோ பலம்னு அளந்து முறுக்குற ஸ்பானர்) இருக்குறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை, மேனுவல்ல இருக்குற அளவை வச்சுக்கலாம்.

மத்தபடி ஆயில் வேலை ரொம்ப லேசு. வண்டியை ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆயில் வெதுவெதுன்னு ஆனதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு வடிக்கணும், ஆறிப்போன ஆயில் அழுக்கை உள்ளயே விட்டுட்டு வந்துடும். என் வண்டிக்கு முக்கால் லிட்டருக்குப் பக்கம் பிடிக்கும், கிரேடு (ஆயிலோட கெட்டித்தன்மை) 10டபிள்யூ-30. டப்பாவுல ஜாசோ எம்பின்னு ஒரு முத்திரை இருக்கும் பாருங்க, அது இந்த மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. ஜாசோ எம்ஏன்னு இருக்குறது கிளட்ச் ஆயிலுக்குள்ளயே ஊறிக்கிட்டு இருக்குற பைக்குக்கு, அதுல கிளட்ச் வழுக்கிடக்கூடாதேன்னு செய்யறாங்க. நம்ம ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியா காஞ்ச இடத்துல இருக்கு, அதனால வழுக்கலான எம்பி ஆயிலே நல்லது. அளவு பாக்குற குச்சியை நிறைய வண்டியில மரையில திருகாம சும்மா சொருகி எடுத்துத்தான் பாக்கணும், உங்க மேனுவல்ல எப்படின்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் தப்பா அளப்பீங்க. பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில்னு தனியா ஒண்ணு இருக்கு, 100 மில்லியை ஒட்டித்தான் பிடிக்கும், அதை நிறைய பேர் வண்டி வாங்கினதுல இருந்து விக்கிற வரைக்கும் மாத்துறதே இல்ல.

ஏர் ஃபில்டர் ரெண்டு வகை. ஸ்பாஞ்ச்சா இருந்தா கழுவி, காய வச்சு, லேசா ஆயில் தடவிப் பிழிஞ்சு மாட்டலாம். பேப்பர் மாதிரி மடிச்சு எண்ணெய்ப் பசையோட இருந்தா அதைக் கழுவவும் கூடாது காத்தும் அடிக்கக்கூடாது, அந்தப் பசைதான் தூசியைப் பிடிக்கிறதே, நேரா புதுசு மாட்டிட வேண்டியதுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இடது பக்கத்து பெரிய கவர். அதுக்குள்ளதான் பெல்ட்டும் வேரியேட்டரும் இருக்கு. ரெண்டு புல்லி, நடுவுல ஒரு ரப்பர் பெல்ட். முன்னாடி புல்லிக்குள்ள ஆறு சின்ன ரோலர் உருண்டுக்கிட்டு இருக்கும், இன்ஜின் வேகம் ஏற ஏற ரோலர் வெளிப்பக்கமா தள்ளப்பட்டு புல்லியை நெருக்கும், பெல்ட் மேல ஏறும், பின்னாடி புல்லியில அதே பெல்ட் கீழ இறங்கும். ஆள் கை வைக்காமலே கியர் மாறிக்கிட்டே இருக்கு. 1958ல டாஃப்னு ஒரு டச்சு கார் இதே ரப்பர் பெல்ட் ஐடியாவோட வந்துச்சு, அதுதான் இன்னிக்கு நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியிலயும் சுத்துது. ரோலர் நாளாக ஆக ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாயிடும், உருள வேண்டியது வழுக்க ஆரம்பிக்கும், வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துல திக்கித் திக்கிப் போகும், மேட்டுல முக்கும். கையில எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும், வட்டமா இருக்க வேண்டியது இங்கிலீஷ் D எழுத்து மாதிரி இருக்கும். கிளம்பும்போது மட்டும் கடகடன்னு வண்டி உதறுச்சுன்னா கிளட்ச் ஷூவும் அதைச் சுத்தி இருக்குற கிண்ணமும் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆகியிருக்கும், உப்புத்தாளால லேசா சொரசொரப்பாக்கி தூசியை ஈரத் துணியால துடைச்சா பெரும்பாலும் சரியாயிடும். பெல்ட்டை வளைச்சுப் பாருங்க, பல்லுக்கு அடியில மயிரிழை விரிசல் தெரிஞ்சா யோசிக்காம மாத்திடணும், அது அறுந்துச்சுன்னா நடுரோட்டுல இன்ஜின் கத்தும் சக்கரம் சுத்தாது.

கவர் போல்ட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். ஒரு அட்டையில கவரோட வடிவத்தைத் தோராயமா வரைஞ்சு, போல்ட் இருந்த இடத்துல ஓட்டை போட்டு அதிலேயே சொருகி வச்சுக்கோங்க. நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில போட்டு முறுக்கி இன்னொரு மரையை இழக்க வேண்டாம். வேரியேட்டர் நட்டைக் கழட்ட அதைப் பிடிச்சு நிறுத்துற டூல் வேணும், சில பேர் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கிக் கழட்டுறாங்க, விசிறியோட இறக்கை உடையும். அந்த வேலையை நான் வெளியில குடுத்துடுவேன். ஹெட்டைத் திறக்குறது, சிலிண்டர் போர் வேலை, முன்னாடி ஃபோர்க், ஏபிஎஸ் இருந்தா அது, இதெல்லாமும் வெளியிலதான்.

பிரேக்ல மட்டும் எனக்கு விளையாட்டு இல்ல. டிரம் பிரேக்னா லீவர்ல 10ல இருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா ஆடுற இடம் இருக்கணும், அதுக்கு மேல போனா பின்னாடி இருக்குற நட்டை அரை அரை சுத்தா டைட் பண்ணணும், ஒவ்வொரு தடவையும் சென்டர் ஸ்டாண்ட்ல சக்கரத்தைக் கையால சுத்திப் பாக்கணும், உரசாம சுத்தணும். டிரம் மேல ஒரு அம்புக்குறியும் கோடும் இருக்கும், பிரேக்கை முழுசா பிடிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டுட்டா ஷூ முடிஞ்சுது, இனிமே நட்டை முறுக்கி நம்மளையே ஏமாத்திக்கலாம், வண்டியை ஏமாத்த முடியாது. டிரம்மைத் திறந்தா அந்தத் தூசியை ஊதாதீங்க, ஈரத் துணியால துடைங்க, பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அப்புறம் சத்தம் வருதுன்னு ஆயில் விட்ட ஒரு மகானுபாவரை எனக்குத் தெரியும், சத்தம் நின்னுச்சு, வண்டி நிக்கல, சுவர்தான் நிறுத்துச்சு, நல்லவேளை மெதுவாத்தான் போயிருக்கார்.

டயர்ல காத்து காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாக்கணும், ஓடிட்டு வந்து பாத்தா சூட்டுல கூடக் காட்டும். மெதுவா காத்து இறங்குதுன்னா உடனே பஞ்சர்னு போகாம வால்வு மேல சோப்பு நுரையைத் தடவிப் பாருங்க, குமிழ் வந்தா உள்ள இருக்குற வால்வு ஊசிதான் லூசு. ஒண்ணு மறந்துட்டேன், டெஸ்ட் பண்ண இன்ஜினை ஓட விடுறப்ப கதவு அடைச்ச இடத்துல ஓட விடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது கலரும் கிடையாது, ஆளைச் சாய்ச்சிடும்.

இப்ப வண்டி சீட்டுக்கு அடியில ஒரு சின்ன நோட்டு கிடக்கு. அதுல பாதி என் கையெழுத்து, ஆயில் மாத்தின கிலோமீட்டர், பிளக் மாத்தின கிலோமீட்டர், ஏர் ஸ்க்ரூ ஒன்றே முக்கால் சுத்து. மீதி பாதி அவ எழுதுறது. நேத்து புதுசா ஒரு வரி இருந்துச்சு, "பின்னாடி கிரீச் சத்தம்". முன்னாடி மாதிரி ஸ்பானரை எடுத்துக்கிட்டு ஓடல, உக்காந்து விசாரிச்சேன். பிரேக் பிடிக்கும்போதா? இல்லையாம். திரும்பும்போதா? இல்லையாம். மேடு பள்ளத்துல மட்டும், அதுவும் பின்னாடி ஆள் உக்காந்திருந்தா மட்டும். அப்ப பின் ஷாக் அப்சார்பரோட ரப்பர் புஷ்ஷா இருக்கும், இல்ல அதோட மேல் போல்ட் லூசா இருக்கும். நாளைக்குக் காலைல வண்டி ஆறி இருக்கும்போது நான் பின்னாடி அமுக்குறேன், அவ காதை வச்சுக் கேக்கப் போறா.